கம்பி கட்டிய படத்தையும் போடுங்கள்

வணக்கம் அண்ணே,

நான் சிவில் இன்ஜினியர். ராமநாதபுரத்தில் ஒரு அலுவலகத்தில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது தனியாக வீடு டிசைன் செய்து, கட்டுமானத்தையும் பார்த்துக்கொள்கிறேன். கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம். துபாயிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு, ‘செஞ்ச வேலை இருந்தா லிங்க் அனுப்புங்க’ என்கிறார்கள். வெப்சைட் போடலாம் என்று உட்கார்ந்தால், நானாக முடித்தது மூன்றே வீடு. மற்றவர்கள் பக்கத்தில் 3டி எலிவேஷன், அதாவது கம்ப்யூட்டரில் வரைந்த முகப்புப் படம், ஐம்பது அறுபது நிற்கிறது. பழைய அலுவலகத்தில் வரைந்ததையும் சேர்க்கலாமா?

— ஒரு வாசகி, தேவிபட்டினம்

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று வீடு தாராளமாகப் போதும். 3டி எலிவேஷனை ஒரு செங்கல்கூட வைக்காமல் யாரும் போட்டுவிடலாம், அதில் போட்டி போடாதீர்கள். அங்கே இருந்து பணம் அனுப்புகிறவருக்கு முகப்பு எப்படி வரும் என்பதைவிட, தான் இல்லாதபோது உள்ளே என்ன போட்டு மூடுகிறார்கள் என்பதுதான் பெரிய கவலை. நம் கரையில் அந்தக் கவலை நியாயமானது. கடலை ஒட்டிய எந்த ஊரிலும் நாலு தெரு நடந்தால், சன்ஷேடு அடியில் காங்கிரீட் பெயர்ந்து பழுப்பேறிய கம்பி பல்லை இளிக்கிற வீடு ஒன்றாவது கண்ணில் படும். உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருவேறி, அந்தத் துரு பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிவிடுகிறது. பெயிண்ட் அடித்த அன்றைக்கு எடுத்த படத்தில் இதெல்லாம் தெரியுமா?

அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மூடுவதற்கு முன்னால் எடுத்த படங்களை முதலில் போடுங்கள். கம்பி கட்டி, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடுகிற கவர் பிளாக் வைத்து, அளவு டேப் பிடித்து எடுத்த ஒரு படம் பத்து எலிவேஷனுக்குச் சமம். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் காங்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. காங்கிரீட் கவரும் கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அதைப் படத்துக்குக் கீழே இரண்டு வரியில் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். தண்ணீரும் அப்படித்தான். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, நம் பக்கம் பல போர்வெல்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. நீங்கள் தண்ணீரைச் சோதித்து, வேண்டாம் என்று லாரித் தண்ணீர் வரவழைத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தபோது, தூக்குகிற பகுதியோடு சேர்த்து உள்ளே போட்ட துருப்பிடிக்காத கம்பியையும் மேலே அடித்த பூச்சையும்கூட எடுத்துச் சொன்னார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கே உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, வீட்டுக்குச் சொன்னால் என்ன?

கட்டி முடித்துச் சில மழை பார்த்த வீடு இருந்தால் மறுபடி போய் அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

பழைய அலுவலக வேலையைக் கேட்காமல் போடாதீர்கள். சம்பளத்துக்கு இருந்தபோது வேலையின் பகுதியாக வரைந்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை முதலாளிக்குத்தான். ஒரு மெயில் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைத்தால் அலுவலகத்தின் பெயரையும், அதில் உங்கள் பங்கு எதுவரை என்பதையும் அங்கேயே எழுதுங்கள். பீம் டீடெயில் மட்டும்தான் செய்தீர்கள் என்றால் அதைச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. 3டி படம் ஒன்றிரண்டு வைக்கலாம், ஆனால் ‘இது வரைபடம், கட்டியது அல்ல’ என்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இதில் மட்டும் ரொம்பக் கவனம். உங்கள் ஆட்களில் பலருடைய வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். கதவு எண், தெருப் பெயர், வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர், எதுவும் படத்தில் வரக் கூடாது. போனில் எடுத்த படத்துக்குள் இருக்கும் லொகேஷனையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ஊர்ப் பெயரும் கட்டிய வருடமும் போதும்.

எதில் போடுவது என்று மண்டையை உடைக்க வேண்டாம். கூகுள் சைட்ஸ் இலவசம், சொந்த டொமைன் ஒன்று வாங்கி அதோடு இணைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராம் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் கணக்கு இல்லாதவர் திறந்தால் கொஞ்சம் பார்ப்பதற்குள் லாகின் கேட்டு நிறுத்திவிடுகிறது. பார்க்கிறவர் போனில்தான் பார்ப்பார், படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். போன் எண் மேலேயே இருக்கட்டும். தமிழிலேயே எழுதுங்கள், வீட்டில் முடிவெடுக்கிற அம்மாவும் படிக்க வேண்டும் இல்லையா.

மூன்று வீட்டுக்காரர்களுக்கும் இன்றைக்கே செய்தி போட்டு அனுமதி கேளுங்கள். மூவரில் ஒருவர் சம்மதித்தாலும் அந்த ஒரு வீட்டை முழுதாக எழுதித் திறந்துவிடுங்கள், மற்றவை பின்னால் சேரட்டும். தயாரானதும் லிங்க் அனுப்புங்கள், நானும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்