பாட்டு கிளாஸ் போனால் மார்க் ஏறுமா?

வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளின் இசைப் பயிற்சி, பள்ளிப் படிப்பு இரண்டையும் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இசை ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாட்டு கிளாஸில் சேர்த்தால் கணக்கில் மார்க் ஏறும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார். மூளை வளரும் என்று வாட்ஸ்அப்பிலும் வருகிறது. உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு சேர்த்தால் ஏமாற்றம் இருக்காது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு மூலம் 1993-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மோஸார்ட் இசையைக் கேட்டுவிட்டு, தாளை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் நன்றாக விடை சொன்னார்கள். அந்தப் பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அதில் குழந்தைகளும் இல்லை, பள்ளி மார்க்கும் இல்லை.

கேட்பதை விட்டுக் கற்பதற்கு வருவோம். கனடாவின் டொரண்டோவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். சிலருக்குக் கீபோர்ட், சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. 2004-இல் வெளியான முடிவு: ஓராண்டில் இசை கற்றவர்களின் ஐ.க்யூ. ஏறக்குறைய 7 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 4 சொச்சம். முதல் வகுப்பில் சேர்ந்து படிப்பதாலேயே எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் ஏறும். ஆக, இசையின் பங்கு மூன்று புள்ளிக்கும் குறைவு. பிறகு 2020-இல் 54 ஆய்வுகளை, சுமார் 7,000 பிள்ளைகளின் கணக்கை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒப்பீடு சரியாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் பலன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றே வந்தது.

அப்படியானால் பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் வகுப்பில் முன்னால் நிற்பது போலத் தெரிகிறதே? தெரிவது உண்மைதான். கனடாவிலேயே ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்ததில், பள்ளியில் இசைப் பாடம் எடுத்தவர்கள் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றிலும் மேலே இருந்தார்கள். ஆனால் எது எதற்குக் காரணம் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. வாரம் இரண்டு நாள் தவறாமல் வகுப்புக்குக் கொண்டுவிட்டு, வீட்டில் உட்கார வைத்துச் சாதகம் (தினசரிப் பயிற்சி) செய்ய வைக்கிற குடும்பம், வீட்டுப்பாடத்தையும் அப்படித்தான் கவனிக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, கேட்கும் திறன். லாஸ் ஏஞ்சலஸில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்துப் பார்த்தபோது, ஓராண்டில் மாற்றம் தெரியவில்லை. இரண்டு ஆண்டு முடிந்தபோது, ஒத்து ஒலிக்கும் பேச்சொலிகளை மூளை பிரித்தறிவது கூர்மையாகியிருந்தது. இரண்டாவது, கஷ்டமான ஒன்றைத் துண்டாக்கி, மெதுவாக்கி, தினமும் செய்து பழக்கத்துக்குக் கொண்டுவரும் வழக்கம். இது கணக்குக்குத் தானாகப் போய்ச் சேராது. “பாட்டில் முதல் பாடமான சரளி வரிசையை எப்படிப் பிடித்தாயோ, அப்படியே ஏழாம் வாய்ப்பாட்டையும் பிடி” என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால்தான் போகும்.

சேருங்கள். மார்க்குக்காக என்றால் மூன்றாவது மாதமே நிறுத்திவிடுவீர்கள். இரண்டு வருஷம் என்று மனத்தில் வைத்துச் சேருங்கள்.

மகனைப் பாட்டில் சேர்த்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் சரளி, ஜண்டை என்றே போகிறது. எதிர்த்தெருவில் கீபோர்ட் படிக்கிற பையன் சினிமாப் பாட்டே வாசிக்கிறான். எங்கள் டீச்சர் இழுத்தடிக்கிறாரா?
– வாசகர், மன்னார்குடி

இல்லை. நீங்கள் கேட்கிற பலன் எல்லாம் அந்த வரிசைகளில்தான் இருக்கிறது.

புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடமுறை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. முதல் சரளி வரிசை ஏறி இறங்க 16 ஸ்வரம். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு–வீச்சு, தட்டு–வீச்சு. முதல் காலத்தில் (முதல் வேகத்தில்) எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ஆக இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு, ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். மூன்றாம் காலத்தில் நான்கு. பாதி ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடுவதால் இரண்டு தரம் பாட வேண்டும். கை ஒரே வேகத்தில் போக, வாய் மட்டும் இரட்டிப்பாக வேண்டும். கையையும் வாயையும் தனித்தனியாகக் கவனிக்கிற இந்த வேலை ஏழு வயதுப் பிள்ளைக்கு லேசானதல்ல.

தவறு நடப்பதும் இங்கேதான். இரண்டாம் காலம் வந்ததும் கையும் கூடவே ஓடும். பிள்ளை ‘வேகமாகப் பாடிவிட்டேன்’ என்று நினைக்கும். உண்மையில் முதல் காலத்தையே அவசரமாகப் பாடியிருக்கும். சோதிக்க ஒரு வழி: போனில் மெட்ரோனோம் (ஒரே சீராகத் தட்டி ஒலிக்கும்) ஆப்பை நிமிடத்துக்கு 50-இல் வைத்து, ஒலிக்கு ஒரு எண்ணிக்கை என்று கை போடச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் கை மட்டும், வாய் வேண்டாம். பிறகு இரண்டையும் சேர்க்கலாம். மூன்றாம் காலம் உளறினால் 40-க்கு இறக்குங்கள்.

இன்னொன்று ரிஷபம், அதாவது ‘ரி’. மாயாமாளவகௌளையில் வருவது சுத்த ரிஷபம், ஸட்ஜத்தை (‘ஸ’) ஒட்டி நிற்கும். பிள்ளைகள் அதைத் தூக்கி சதுச்ருதி ரிஷபமாக்கிவிடுவார்கள். தம்பூராவோடு ‘ஸ – ரி – ஸ’ மட்டும் பத்துத் தரம் மெதுவாகப் பாடினால் இறங்கும். முழு வரிசையையும் திரும்பத் திரும்பப் பாட வைத்தால் தப்புதான் இன்னும் நன்றாகப் பதியும்.

வீட்டுச் சாதகம் இருபது நிமிடம் போதும். மூன்று நிமிடம் ஸ – ப – மேல் ஸ நீட்டிச் சுருதி சேர்ப்பது, எட்டு நிமிடம் பழைய வரிசை, ஆறு நிமிடம் புதியது, கடைசி மூன்று நிமிடம் பையனுக்குப் பிடித்த பாட்டு, சினிமாப் பாட்டானாலும் சரி. வகுப்புக்கு முதல் நாள் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைப்பது வீண்.

கீபோர்ட் மட்டமல்ல. ஸ்வரங்களை வரிசையாகக் கண்ணால் பார்க்க நல்ல கருவி. ஆனால் கட்டையை அழுத்தினால் சுருதி தானாக வந்துவிடும், காதுக்கு வேலை குறைவு. அதிலும் வரிசை இல்லாமல் நேரே சினிமாப் பாட்டு என்றால், நான்கு பாட்டுக்கு விரல் போகும் இடம் மனப்பாடமாகும். ஐந்தாவது பாட்டுக்கு மறுபடி டீச்சர்தான் வேண்டும்.

மகன் ஏழாம் வகுப்பு, மிருதங்கம் கற்கிறான். தாளமே கணக்குதான் என்கிறார்கள். பள்ளிக் கணக்குக்கு அதைப் பயன்படுத்த முடியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

முடியும், உட்கார்ந்து எழுத வைத்தால். தாளக்கணக்கு கைக்குத் தெரியும், நோட்டுக்குத் தெரியாது. அதுதான் சிக்கல்.

தீர்மானம் என்கிற முடிப்புக் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளம் சதுச்ர நடையில், அதாவது எண்ணிக்கைக்கு நான்காக, ஓர் ஆவர்த்தனம் 8 × 4 = 32 மாத்திரை. சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டில்) தொடங்கி ‘தகதகிட’ போன்ற ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் சமமான இடைவெளி விட்டு, அடுத்த சமத்தில் வந்து சேர வேண்டும். சொற்கட்டு x, இடைவெளி y என்றால் 3x + 2y = 32.

இடைவெளி 1 என்றால் சொற்கட்டு 10. இடைவெளி 4 என்றால் 8. இடைவெளி 7 என்றால் 6. இடைவெளி 2 வைத்தால்? மீதி 28, மூன்றால் வகுபடாது. 3 வைத்தால் 26, அதுவும் வகுபடாது. ஏன் 1, 4, 7 என்று மும்மூன்றாகத் தாண்டுகிறது என்று அவனையே கேளுங்கள். விடை கிடைத்ததும் 10-ஐ ‘தகதகிட தகதகிட’ என்று ஐந்தைந்தாகச் சொல்லி வாசிக்கட்டும். தப்பான எண்ணைப் போட்டுச் சமத்தைத் தவற விடுவதும் நல்லதே, காது உடனே சொல்லிவிடும்.

மீச்சிறு பொது மடங்குக்கும் இதே கை உதவும். 32 மாத்திரையில் ‘தகிட’ என்று மும்மூன்றாகப் போட்டால் பத்து வந்து இரண்டு மிஞ்சும். எத்தனை ஆவர்த்தனத்தில் சமத்தில் சேரும்? மூன்றில், 96-இல். பின்னத்துக்கு நடை: ஓர் எண்ணிக்கையை நாலாக்கினால் சதுச்ரம், மூன்றாக்கினால் திச்ரம், ஐந்தாக்கினால் கண்டம்.

இயற்கணிதம், வடிவியல் என்று எல்லாவற்றையும் மிருதங்கத்தில் ஏற்றப் பார்க்காதீர்கள். இந்த மூன்று நான்கு இடத்தில்தான் பொருந்தும். வாரம் ஒரு கணக்கு போதும். அதற்கு மேல் போனால் பையன் மிருதங்கத்தையும் வெறுப்பான்.

பேரன் இரண்டாம் வகுப்பு. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ‘படம்’, ‘பாடம்’ இரண்டும் ஒன்றுபோல வருகிறது. பாட்டு உதவுமா?
– பாட்டி ஒருவர், பாபநாசம்

உங்கள் பேரனுக்கு எல்லாரையும்விட அதிகமாக உதவும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இது தாளத்தில் வைத்துச் சொன்னால் பிடிபடுகிற விஷயம். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டி ஒரு விரல் எண்ணி நீட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் – கால், பல் – பால், படம் – பாடம், மடு – மாடு. முதலில் நீங்கள் சொல்லித் தட்டுங்கள், அவன் கேட்டு எது என்று காட்டட்டும். பிறகு அவன் சொல்லட்டும், கடைசியில் எழுத்தைப் பார்த்துப் படிக்கட்டும். தினம் பத்து நிமிடம், ஆறு ஜோடிச் சொல்லுக்கு மேல் வேண்டாம்.

பாட்டென்றால் தமிழ்ப் பாட்டாகத் தொடங்குங்கள். மார்கழியில் திருப்பாவை நாளுக்கு ஒன்றாக முப்பது இருக்கிறது. மனப்பாடமானதும் புத்தகத்தைக் கையில் கொடுத்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டே பாட வையுங்கள். வாய்க்கு வந்ததைக் கண் தேடிப் பிடிக்கும். திருப்புகழின் சந்தமும் நாக்குக்கு நல்ல பயிற்சி, ஆனால் இரண்டாம் வகுப்புக்குச் சொற்கள் நீளம். அது பிறகு.

அடிக்கடி சளி, காதில் சீழ் என்று இருந்தால் முதலில் காது மருத்துவரிடம் காட்டுங்கள். சரியாகக் கேட்காத பிள்ளை குறில் நெடிலைப் பிரிக்காது, சுருதியிலும் சேராது. மூன்றாம் வகுப்புப் பாதி வரைக்கும் இதே நிலை என்றால் கண், காது, கற்றல் குறைபாடு மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். பாட்டு அதற்கு மாற்றல்ல.

மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. வயலினை நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருவாரூர்

முழுதாக நிறுத்தாதீர்கள். ஒரு வருஷம் கையில் எடுக்காவிட்டால் வில் பிடிப்பும் விரல் இடமும் போய்விடும், திரும்பி வருகிறவர்கள் குறைவு. வகுப்பை வாரத்துக்கு ஒன்றாக்கி, வீட்டில் தினம் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கீர்த்தனை வேண்டாம், தெரிந்த வர்ணம் இரண்டு போதும். நேரம் முக்கியம்: பள்ளி விட்டு வந்து டிபன் சாப்பிட்டதும் வாசித்துவிட்டுப் படிக்க உட்காரலாம். பத்து மணிக்குப் படிப்பு முடித்து அதன் மேல் சாதகம் என்றால் தூக்கம்தான் குறையும்.

வெட்ட வேண்டியது போட்டிகளையும் மேடைகளையும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட் இரண்டும் பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். அங்கே சேர்ந்து பாடும் பஞ்சரத்னக் கீர்த்தனைகளுக்குப் போய் உட்கார்ந்து வாசிக்கட்டும், அரை நாள் போதும். அதற்கான மூன்று வார ஒத்திகைக்கு இந்த வருஷம் லீவு.

பையனுக்குப் பதின்மூன்று வயது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன் குரல் உடைந்து பாடவே மாட்டேன் என்கிறான்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவனை அதே சுருதியில் பாடச் சொன்னால் மாட்டேன் என்றுதான் சொல்வான். ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, மத்ய ஸ்தாயியில் மட்டும் பத்து நிமிடம் பாடட்டும். மேல் ஸ்தாயி வேண்டாம், கத்த வேண்டாம். குரல் நிலைக்கச் சில மாதம் முதல் ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை தாளம், ஸ்வரம் எழுதுவது, ஒரு வாத்தியம்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மனதில் நிற்குமா?
– மாணவி, நீடாமங்கலம்

சொல் உள்ள பாட்டு படிப்பைக் கெடுக்கும்; கண் படிக்கிற சொல்லோடு காதில் விழும் சொல் மோதும். படம் வரையும்போது, மேப் குறிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் ஃபீஸ் கட்ட எங்களால் முடியாது. வேறு வழி உண்டா?
– வாசகி, வலங்கைமான்

உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித் தருகிறார்கள். தஞ்சாவூரில் இருக்கிறது. வார விடுமுறையில் நடப்பதால் பள்ளிக்கு இடைஞ்சல் இல்லை. திருவாரூர், சீர்காழி அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், மிருதங்கம், வயலின் எல்லாம் உண்டு. ஆனால் அது 12 வயதுக்கு மேல் சேர்கிற மூன்றாண்டுப் படிப்பு, இசையையே தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைக்குப் பொருந்தும்.

அருகிலேயே வேண்டுமென்றால் பெரிய கோயிலில் ஓதுவாரைக் கேட்டுப் பாருங்கள். தேவாரம் பண்ணோடு சொல்லித் தர விருப்பமுள்ளவர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். தமிழும் வரும், சுருதியும் வரும். சுருதிப் பெட்டி வாங்க வேண்டாம், போனில் தம்பூரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் மெசேஜ் வந்து சாதகம் அங்கேயே நின்றுவிடும்.