குச்சியோடு இறங்கிய நாரை

அன்புள்ள ஐயா,

வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன டிசம்பரில் வேடந்தாங்கலில், நத்தைக்குத்தி நாரை ஒன்று அலகில் குச்சியோடு கூட்டில் இறங்குவதை எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் இறகின் துல்லியத்தைப் பாராட்டினார்கள். அன்று அம்மாவும் கூட வந்திருந்தார். கண்புரை அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "கூடு முடிஞ்சுது, இனிமே குச்சி வேணாம்னு அதுக்கு எப்படிடா தெரியும்?" என்று அவர் கேட்டபோதுதான் பட்டனை அழுத்தினேன். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. இதைப் படத்தின் கீழே எழுதலாமா? "விளக்கம் கேட்கிற படம் தோற்ற படம்" என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர்.

எஸ்., செங்கல்பட்டு

அன்புள்ள எஸ்.,

எழுதுங்கள். இன்று ராத்திரியே எழுதிவிடுங்கள்.

போட்டிக்குப் படம் அனுப்பும்போது உங்கள் மூத்தவர் சொல்வது சரி. நடுவருக்கு உங்கள் அம்மாவைத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீங்கள் நடுவருக்காகவா விடியும் முன்னே எழுந்து போனீர்கள்? பத்திரிகைப் படக்காரரை ஆசிரியர் அனுப்புகிறார். கல்யாணப் படக்காரருக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்பணம் கொடுக்கிறார்கள். உங்களை யாரும் அனுப்பவில்லை. அந்த நொடியில் அழுத்தத் தோன்றியதற்கு உங்கள் மனசைத் தவிர வேறு காரணமே கிடையாது.

கேமரா தன் பங்குக்கு எழுதிவைத்துவிடுகிறது, கவனித்திருப்பீர்கள். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்று ஒளியை அளக்கும் கேமரா அமைப்புகள், மணி, நிமிடம், நொடி எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே இருக்கும். அம்மா கேட்டதை எழுத மட்டும் அதனால் ஆகாது.

என்னிடம் 1994இல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரிக்கிறார். ஃபிலிம் சுருள் காலம். 36 படத்தை எண்ணி எண்ணி எடுப்போம். அந்தப் பிரதியின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "கரண்ட் இல்லை. நார் விரலில் சுற்றிக்கொண்டு வரவில்லை, அதைத் திட்டிக்கொண்டே பாடுகிறார். நான் வந்தது தெரியாது." அவ்வளவுதான். படிக்கிறபோதெல்லாம் அந்தத் திண்ணையின் சாணி மெழுகிய வாசனைகூட வருகிறது. அதே சுருளில் எடுத்த மற்றப் படங்களின் பின்னால் ஒன்றும் எழுதவில்லை. ஒன்றில் கிணற்றடியில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். யார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஊரில் கேட்டுப் பார்த்தேன், சொல்ல ஆளில்லை. அந்தப் படத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

பொழுதுபோக்காகப் படமெடுத்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர், விவசாயி. நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, 1885 ஜனவரியில் ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். 1931இல் இறக்கும்வரை 5,000க்கு மேல் எடுத்தார். மூச்சுக்காற்று பட்டால் உருகிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு, குளிர்ந்த கொட்டகையில் நின்று செய்த வேலை. பனித்துகளின் படத்துக்கு விளக்கம் எதற்கு, பார்த்தாலே போதுமே என்று நாம் நினைப்போம். அவர் அன்றன்றைய வானிலையைக் குறித்து வைத்தார். ஒரு துகள் உருகினால் அந்த வடிவம் திரும்ப வராமலே போய்விடுகிறதே என்ற வருத்தத்தையும் எழுதினார். அதைப் படித்த பிறகு அந்தப் படங்களை என்னால் வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியவில்லை.

எழுதும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "மனம் நெகிழ்ந்த தருணம்" என்று எழுதாதீர்கள். அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். அம்மா கேட்டதை, அவர் கேட்ட அதே பேச்சில் எழுதுங்கள். அந்த "டா"வை எடுத்துவிடாதீர்கள். கண்புரை அறுவையையும் ஒரு வரி சேருங்கள். தேதியும் வேண்டும்.

பொதுவில் போடுவதா வேண்டாமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். போடவில்லை என்றாலும் ஒரு பிரதி அச்செடுத்து, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடலாம்.

அடுத்த சீசனிலும் அவரைக் கூட்டிப் போங்கள். பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறச் சிரமமாக இருந்தால் ஏரிக்கரையிலேயே உட்கார வைத்துக் கையில் ஒரு பைனாகுலரைக் கொடுங்கள். இந்த முறை அவர் என்ன கேட்டார் என்று எனக்கும் எழுதுங்கள்.