ஒரே முகம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் நண்பர்களோடு ‘தி பிக் வெட்டிங்’ பார்த்தேன். ராபர்ட் டி நீரோ, டயான் கீட்டன், சூசன் சரண்டன், ராபின் வில்லியம்ஸ் என்று இத்தனை பேர் இருந்தும் படம் மனதில் நிற்கவில்லை. கேத்ரின் ஹைகலுக்கு எல்லாப் படத்திலும் அதே சிடுசிடுத்த முகம்தான், நடிக்கத் தெரியாதவர். டி நீரோ ஏன் இதில் நடித்தார்? நல்ல கல்யாண நகைச்சுவைப் படங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

டி நீரோ ஏன் நடித்தார் என்பது பெரிய கேள்வியாக எனக்குப் படவில்லை. 2013இல் வந்த அந்தப் படம் சுமாரானது என்பதிலும் நமக்குள் வழக்கில்லை. ஆனால் ‘நடிக்கத் தெரியாதவர்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாட்களாகவே இந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இத்தனை நட்சத்திரங்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைக்கும் படத்தில் எவரையும் அறிமுகப்படுத்த நேரம் கிடையாது. ஆகவே, நமக்கு ஏற்கெனவே பழகிய முகமே அறிமுகமாகிவிடுகிறது. கணவனைப் பிரிந்து, குழந்தைக்கு ஏங்கி, அப்பாவிடம் எரிந்துவிழும் மூத்த மகளா, கூப்பிடு ஹைகலை. 2007இல் ‘லைசன்ஸ் டு வெட்’ படத்தில் மணமக்களைப் படாதபாடு படுத்தும் மதகுருவாக வந்த ராபின் வில்லியம்ஸ், இதிலும் பாதிரியார்தான். அவரை நடிக்கத் தெரியாதவர் என்று நீங்கள் எழுதவில்லை. ஏன்?

அதே 2007இல்தான் ஹைகல் நாயகியாக நடித்த ‘நாக்ட் அப்’ வந்தது, பெரும் வெற்றி. ‘கிரேஸ் அனாட்டமி’ தொடருக்காக எம்மி விருதும் அந்த ஆண்டே ஹைகலுக்குக் கிடைத்தது. பிறகு ‘வேனிட்டி ஃபேர்’ இதழுக்கு அளித்த பேட்டியில், ‘நாக்ட் அப்’ பெண்களைச் சிரிக்கத் தெரியாத கடுகடுப்பானவர்களாகவும், ஆண்களைக் கொஞ்சத் தோன்றும் விளையாட்டுப் பிள்ளைகளாகவும் காட்டுகிறது என்று மனதில் பட்டதைச் சொன்னார். நன்றி கெட்டவர், ஒத்துப்போகாதவர் என்ற பெயர்தான் மிஞ்சியது. அப்படிச் சொன்னவருக்கு அடுத்து என்ன கொடுத்தார்கள்? 2009இல் ‘தி அக்லி ட்ரூத்’ படத்தில், எல்லாம் தன் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று நினைக்கும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வேடம். அவரை ‘இளக்க’ ஒரு முரட்டு ஆண். எதைக் குறை சொன்னாரோ அதையே திரும்பத் திரும்ப அவர் தலையில் கட்டிவிட்டு, இவருக்கு இதைத் தவிர வேறொன்றும் வராது என்று சொல்வது அநியாயம் இல்லையா? நீங்களும் யோசிக்காமல் அதையே சொல்லலாமா?

2008இல் வந்த ‘27 டிரெஸ்ஸஸ்’ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஒரே இரவில் இரண்டு கல்யாணம், இரண்டிலும் அவர் மணப்பெண்ணின் தோழி. டாக்சியின் பின் இருக்கையில் உடை மாற்றிக்கொண்டே, கண்ணாடியில் பார்த்தால் வாடகையில் பிடித்துக்கொள்வேன் என்று ஓட்டுநரை மிரட்டுகிறார். ஒரு கல்யாணத்துக்குப் புடவை, இன்னொன்றுக்கு கவுன். உடம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் மண்டபத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்துவிடுகிறது. பிறர் கல்யாணத்தில் உண்மையாகவே மகிழத் தெரிந்த, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்பதையும் அறிந்த ஒருத்தியை வசனத்தின் உதவி அதிகம் இல்லாமலேயே அவர் காட்டிவிடுகிறார். அதில் சிடுசிடுப்பு எங்கே இருக்கிறது? அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.