நடுவர் வீரர்களிடம் எப்படிப் பேசுவது? கேள்வி பதில்

கேள்வி: சார், இப்போதுதான் கால்பந்து நடுவர் தேர்வு எழுதித் தேறியிருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியையும் நிறுத்தி வைத்து ஏதாவது பேச வேண்டுமா?

பதில்: வேண்டாம். டாஸ் போடும்போது கேப்டன்களுக்குக் கை கொடுத்து ஒரு வணக்கம் சொன்னால் போதும். "இன்னைக்கு நான் ரொம்பக் கறார்" என்று தொடக்கத்திலேயே மிரட்டிவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மோசமான ஃபவுலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடினால் அப்புறம் யார் மதிப்பார்கள்? நீங்கள் எந்த இடிக்கு விசில் அடிக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று முதல் சில நிமிடங்களிலேயே வீரர்கள் எடைபோட்டு விடுவார்கள்.

கேள்வி: பெனால்டி கொடுத்ததும் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இதில்தான் புதியவர்கள் நிறையத் தடுமாறுகிறார்கள். முதலில் அந்தக் கூட்டத்துக்குள் நிற்காதீர்கள், மைதானம் முழுதும் கண்ணில் படுகிற மாதிரி பக்கவாட்டில் வேகமாக விலகுங்கள், பின்வாங்கிக்கொண்டே போனால் பயந்து ஒதுங்குவது போலத் தெரியும். கையை நீட்டி நிறுத்தி, கேப்டனை மட்டும் கூப்பிடுங்கள். 2024 யூரோ கோப்பையில் இதையே கடைப்பிடித்தார்கள்: கேப்டன் மட்டும் வந்து பேசலாம், மற்றவர்கள் நெருங்கி வந்து வாதாடினால் மஞ்சள் அட்டை. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால், அவருக்குப் பதிலாகப் பேச இன்னொரு வீரரை ஆட்டத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிடலாம். ரக்பியில் இது வெகுகாலப் பழக்கம், முணுமுணுத்தால் பெனால்டி எடுக்கும் இடமே பத்து மீட்டர் முன்னால் நகரும்.

கேப்டனிடம் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "நாலாம் நம்பர் காலைத்தான் வாரினார், பந்தைத் தொடவே இல்லை." அவ்வளவுதான். இரண்டாவது வாக்கியம் தொடங்கினால் விவாதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: என் முடிவு தப்பு என்று உடனே தெரிந்துவிட்டால்?

பதில்: ஆட்டம் மறுபடி தொடங்காத வரை மாற்றலாம், லைன்ஸ்மேனிடம் கேட்டுக்கொண்டு தயங்காமல் மாற்றுங்கள். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. கேப்டன் கேட்டால் "நான் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்தது" என்று சொல்லுங்கள், உண்மையைச் சொல்வதில் ஒன்றும் கௌரவம் குறையாது. ஆனால் ஈடுகட்டுகிறேன் என்று பாதிக்கப்பட்ட அணிக்கு ஒரு இலவச ஃபவுல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மைதானத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது புரியும்.

கேள்வி: மொழி தெரியாத வீரர் திட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா?

பதில்: மொழிச் சிக்கல் பழைய சிக்கல். 1966 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா கேப்டன் ரட்டீனை ஜெர்மானிய நடுவர் கிரைட்லைன் வெளியேற்றியபோது, இருவருக்கும் பொதுமொழி இல்லை, ரட்டீன் நகரவே மறுத்தார். அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டை யோசனையைக் கொண்டுவந்தார், 1970 மெக்சிகோவில் அறிமுகமானது. உங்கள் கேள்விக்கு வருகிறேன். தன் ஷாட் வெளியே போன எரிச்சலில் தரையைப் பார்த்துக் கத்துகிறவரை விட்டுவிடலாம். உங்கள் முகத்தைப் பார்த்து, கையை ஆட்டிக்கொண்டே வந்தால் மொழி தெரிய வேண்டியதில்லை, எதிர்ப்புக்கு மஞ்சள். வசைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சிவப்பு. அட்டையை மூக்குக்கு நேரே நீட்டாதீர்கள், ஒரு கை தூரம் தள்ளி நின்று உயர்த்துங்கள்.

கேள்வி: நான் கிரிக்கெட் அம்பயர். எல்.பி.டபிள்யூ கொடுக்காவிட்டால் பந்துவீச்சாளர் முறைத்துக்கொண்டே நிற்கிறார்.

பதில்: முறைப்பை விடுங்கள், ஓவர் முடிந்து தொப்பியை வாங்க வரும்போது மெதுவாகக் கேட்டால் "லெக் பக்கம் போச்சு" என்று சொல்லலாம். எல்லை மீறினால் கேப்டனையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யின் விதி 42, வீரர்களின் நடத்தைக்கென்றே 2017 அக்டோபர் முதல் இருக்கிறது, ஐந்து ரன் அபராதத்திலிருந்து ஆளையே வெளியேற்றுவது வரை போகலாம். விரலை மட்டும் நீட்டிச் சண்டை போடாதீர்கள். 1987 பைசலாபாத் டெஸ்டில் இங்கிலாந்து கேப்டன் கேட்டிங்கும் பாகிஸ்தான் அம்பயர் ஷகூர் ராணாவும் அப்படி மோதியதில் ஒரு நாள் ஆட்டமே போயிற்று.

கேள்வி: ஒரு அணியில் எல்லோரும் எனக்குத் தெரிந்த பையன்கள். "வாடா போடா" என்று பேசலாமா?

பதில்: ஆட்டம் முடிகிற வரை கூடாது. எதிரணியிடம் "வாங்க", இவர்களிடம் "வாடா" என்றால் நீங்கள் சரியாகவே விசில் அடித்தாலும் எவரும் நம்ப மாட்டார்கள். தோளில் கை போடுவதும் வேண்டாம்.