பள்ளிக்கூடப் புள்ளியைப் பார்த்து வீடு எடுக்காதேங்கோ

தங்கச்சி, உங்கட கேள்வியை வெள்ளவத்தையில அம்மா வீட்டு விறாந்தையில இருந்துதான் வாசிச்சனான். ரெண்டு கிழமை லீவில வந்து நிற்கிறன். ஆகஸ்டில கனடாவுக்கு, ரொறன்ரோவின்ர ஸ்காபரோவுக்கு வாறியள், மகள் ரெண்டாம் வகுப்பு. பார்த்து வைச்ச வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு ஐந்துதான் போட்டிருக்கு, அரைவாசிக்கு மேல பிள்ளையள் வீட்டில ஆங்கிலம் பேசாததுகள். வடக்கால மார்க்கம் பக்கம் எட்டுப் புள்ளிப் பள்ளிக்கூடம் ஒண்டு இருக்கு, வாடகைதான் கூட, எங்க போறது எண்டு கேட்டிருக்கிறியள். குளிர் உடுப்பு அங்க வந்து வாங்குங்கோ, கொழும்பில வாங்கிறது அந்தக் குளிருக்குக் காணாது. நீங்கள் கேட்ட டிரைவிங் லைசென்சைப் பற்றி வேற ஆரும் சொல்லுவினம். எனக்குப் பள்ளிக்கூடக் கதைதான் முக்கியம்.

முதல்ல அந்தப் புள்ளி எங்கயிருந்து வருது எண்டு விளங்குங்கோ. எங்கட மாகாணம் ஒன்ராறியோவில 3ஆம், 6ஆம் வகுப்புப் பிள்ளையளுக்கு ஈ.கியூ.ஏ.ஓ. எண்டு மாகாணச் சோதனை. வாசிப்பு, எழுத்து, கணக்கு. நாலு படி இருக்கு, மூண்டாம் படிக்கு வந்தால் மாகாண அளவைத் தொட்டாச்சு. அந்த முடிவுகளை எடுத்துத்தான் பிரேசர் இன்ஸ்டிடியூற் எண்ட தனியார் ஆராய்ச்சி நிறுவனம் பத்துக்குப் புள்ளி போடுது. 3ஆம் வகுப்பில 40 பிள்ளையள் இருக்கிற பள்ளிக்கூடம் எண்டால் நாலு பிள்ளை பத்து வீதம். அந்த வருசம் நாலு குடும்பம் புதுசா வந்து இறங்கினாலே புள்ளி ஆடிப்போகும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஜிம் கமின்ஸ் எப்பவோ ஆராய்ஞ்சு சொன்ன விசயம்: வந்த பிள்ளை ரெண்டு வருசத்தில ஆங்கிலத்தில கதைச்சு விளையாடும், ஆனால் பாடப் புத்தக ஆங்கிலத்தில மற்றப் பிள்ளையளைப் பிடிக்க ஐந்து தொடக்கம் ஏழு வருசம் எடுக்கும். 3ஆம் வகுப்புச் சோதனை அதுக்கு முதலே வந்திடும். அப்ப அந்த ஐந்துப் புள்ளி ரீச்சர்மார் படிப்பிக்கிறதை எவ்வளவு காட்டுது, சுற்றி இருக்கிற வீடுகளை எவ்வளவு காட்டுது? ரொறன்ரோப் பள்ளிச் சபையே பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள குடும்பங்களின்ர வருமானம், தாய் தகப்பன் படிச்ச படிப்பு எல்லாம் பார்த்து ஒரு தனிப் பட்டியல் போடுது, எங்க கூட உதவி தேவை எண்டு பார்க்க. அதை எங்கட ஆக்கள் ஒருத்தரும் திறந்து பார்க்கிறேல்லை.

நான் இந்தப் பிழையை விட்டனான். 2003இல வந்து ஸ்காபரோவில மச்சான்ர பேஸ்மென்றில இருந்தம். மகன் 3ஆம் வகுப்பு. கோயில் மண்டபத்தில ஒரு அக்கா, "அந்தப் பள்ளிக்கூடத்தில எங்கட ஆக்கள்தான் கூட, தரம் இல்லை" எண்டா. ஆறு மாதத்தில வடக்கால போனம், வாடகை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அவர் இரவு வேலைக்குப் போனார், நான் பின்னேரமும் சனி ஞாயிறும். வகுப்பில ஆங்கில உதவி தேவைப்பட்ட பிள்ளை இவன் ஒருத்தன்தான், அதுக்குரிய ரீச்சர் கிழமையில ஒரு நாள்தான் வருவா. ஒவ்வொரு நாளும் ஒரு சின்னப் புத்தகமும், வீட்டில ஆரோ இருபது நிமிசம் கேட்டது எண்டு கையெழுத்து வைக்கிற கொப்பியும் வரும். மாசி மாதம் அவன்ர பையைத் துப்புரவாக்கேக்கதான் அந்தக் கொப்பியைக் கண்டனான். எல்லாக் கட்டத்திலயும் "சு" எண்டு தமிழில என்ர முதலெழுத்து, வளைவு கொஞ்சம் கோணலா. மூண்டு மாதம் எனக்காக அவனே வைச்சிருக்கிறான். கேட்க ஆளில்லாமல் தனியச் சுவரைப் பார்த்து வாசிச்சனான் எண்டான். அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை.

வடக்கால போய்ப் பதினோராம் மாதம் ஸ்காபரோவுக்கே திரும்பி வந்தம். பழைய பள்ளிக்கூடத்தில ஆங்கில உதவி ரீச்சர் ஒவ்வொரு நாளும் நிண்டா, ஏனெண்டால் அங்க தேவைப்பட்ட பிள்ளையள் நிறைய. தமிழ், உருது, தகலொக் எண்டு எல்லாம் பேசுற பிள்ளையளுக்கு நடுவில அவன் வாயைத் திறந்தான். எங்கட ஆக்கள் கூட எண்டு பள்ளிக்கூடத்துக்கு மூக்குச் சுளிக்கிறவையை எனக்கு இண்டைக்கும் பொறுக்கேலாது. தங்கட பிள்ளையளை அங்க படிப்பிச்சு ஆளாக்கிப் போட்டுத்தான் அந்தக் கதை கதைக்கினம்.

அதால உங்கட மகளுக்கு நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஆங்கில உதவி ரீச்சர் கிழமையில எத்தனை நாள் நிற்கிறா? அலுவலகத்துக்குப் போய் நேர கேளுங்கோ, வெட்கப்படாதேங்கோ. ரிப்போட் காட் வந்தால் கணக்கு ஏயா பியா எண்டு பாயாமல் படிக்கிற பழக்கத்துக்குப் போடுற ஆறு எழுத்தையும் பாருங்கோ. பொறுப்பு, ஒழுங்கு, தனியா வேலை செய்யிறது, சேர்ந்து செய்யிறது, முன்வந்து செய்யிறது, தன்னை அடக்கி நடக்கிறது. அதுகளை வாசிக்க நான் பழகின பிறகுதான் பெற்றோர் சந்திப்பில நானும் கேள்வி கேட்கத் தொடங்கினனான்.

எங்கட மனசில இந்த இடம் பிடிக்கிற பயம் கொழும்பிலயே விழுந்தது, அது எனக்கு வடிவாத் தெரியும். இப்ப இங்க தம்பி மகனை முதலாம் வகுப்புக்குப் போட பைல் சேர்க்கிறான். வாக்காளர் இடாப்பு, லைற் பில், வாடகை ஒப்பந்தம். இங்க பள்ளிக்கூடத்தில சேர்க்கிறதுக்கும் புள்ளிதான், சொந்த வீடில்லாததால அது குறையுது. வீட்டுக்கும் அவன் கேட்கிற பள்ளிக்கூடத்துக்கும் இடையில வேற பள்ளிக்கூடங்கள் இருக்கிறதால அதுக்கும் கழியுது. ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழிச்சுக்கொண்டிருந்தான்.

அவன் பைலை விரிச்சது நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிலுக்குப் படிச்ச அதே மேசை. அப்பா காலமை நாலரைக்கு பிளேன்ரீயோட எழுப்புவார், கடற்கரையால முதல் றெயில் போகேக்க பழைய சோதனைப் பேப்பர் ஒண்டு செய்து முடிஞ்சிருக்க வேணும். வெட்டுப்புள்ளிக்கு மூண்டு புள்ளி காணாமல் போச்சு. அப்பா ரெண்டு நாள் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் காலி வீதிக்குக் கூட்டிக்கொண்டு போய் றோல்ஸ் வாங்கித் தந்தவர், அப்பவும் கதைக்கேல்லை. செய்து முடிச்ச பேப்பருக்கு ஒண்டா கொம்பாசு முனையால மேசை ஓரத்தில கீறின கோடுகள் இன்னும் இருக்கு. நேற்று தம்பியின்ர மகன் விரலால தடவித் தடவி எண்ணினான், அறுபத்தொண்டு. "ஆர் மாமி இதைக் கீறினது?" எண்டு கேட்டான்.