ஃபேஷன் டிசைன் படிச்சவங்க நிறைய பேரு மெர்ச்சண்டைசர் ஆகுறாங்களே, அது என்ன வேலை?

சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருக்கும் இங்க இருக்குற ஃபேக்டரிக்கும் நடுவுல நின்னு, ஒரு ஆர்டரை சேம்பிள்ல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் கொண்டு போய் சேக்குறவர்தான் மெர்ச்சண்டைசர். திருப்பூர்ல நிஃப்ட்-டீ மாதிரி காலேஜ் முடிச்சவங்களுக்கு டிசைனர் வேலைய விட இதுலதான் இடம் அதிகம்.

ஏன்னா திருப்பூர்ல ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கூரைக்கு கீழ தயாராகுறதில்ல, நிட்டிங் ஒரு யூனிட், சாயம் இன்னொரு யூனிட், பிரிண்டிங் வேற இடம், இத்தனையும் ஒருத்தர் கையில இருந்தாதான் தேதிக்குள்ள சரக்கு போகும். பையர் கேட்ட நேவி ப்ளூவுக்கு முதல்ல சின்ன சின்ன துணித் துண்டுல சேம்பிளுக்கு சாயம் போட்டு அனுப்பணும், இதுக்குப் பேருதான் லேப் டிப், அவர் ஒரு ஷேடுக்கு ஓகே சொன்னாதான் மொத்த துணிக்கும் சாயம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு) கேட்டு 165ல துணி வந்துச்சுன்னா கட்டிங்குக்கு முன்னாடியே புடிச்சாகணும், தச்சதுக்கு அப்புறம் தெரிஞ்சா ஆர்டரே கைய விட்டு போயிடும். துணிய தொட்டுப் பாத்து படிச்சவங்கள எடுக்குறதே இதுக்குத்தான்.

கல்யாணத்துல பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர்னு எல்லாரையும் விரட்டிப் புடிச்சு முகூர்த்தத்துக்குள்ள வேலைய முடிக்கிற தாய்மாமா மாதிரின்னு வச்சுக்கோங்க.

ஜூனியரா சேந்து, சீனியர், மேனேஜர்னு மேல போகலாம், வெளிநாட்டு பையருக்காக இங்க ஆர்டர் குடுத்து கவனிச்சுக்குற பையிங் ஹவுஸுக்கும் மாறலாம். நல்லா படம் வரைஞ்சாதான் இந்த ஃபீல்டுல பொழைக்க முடியும்னு பலரும் நினைக்கிறது தப்பு, மெர்ச்சண்டைசருக்கு கணக்கும் துணி அறிவும் பேச்சும்தான் முக்கியம்.