தோட்டத்துப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டு போகும் முன்

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பள்ளி விழாவோ கோயில் விசேஷமோ, பாட அவளைத்தான் அழைக்கிறார்கள். மச்சாண்டாரோ, தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்தாவது கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடச் சொல்கிறாராம். “பாட்டு சோறு போடுமா?” என்று வேறு கேட்கிறாராம்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அம்மா. அந்தப் பத்திரத்தை நினைத்துக் கட்டாயம் கவலைப்படுங்கள். கணக்கென்றாலே மகள் ஒதுங்குகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டு அரியரோடு போராடிய பிறகு கடன் தவணையை யார் கட்டுவது? மச்சாண்டாரிடம் நேராகவே கேளுங்கள்.

டிவி போட்டி, சினிமா வாய்ப்பு எல்லாம் ஊரறிந்த வழிகள்; விட்டுவிடுகிறேன். ஈரோடு மாவட்ட அரசு இசைப்பள்ளியின் தேவாரப் பிரிவைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னார்களா? மூன்றாண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். வயலின், வீணை என்று வாங்க வேண்டியதில்லை. ஒரு ஜோடி தாளம் போதும். பாடம் முழுக்கப் பண் வழி; பண் என்பது ராகம் போன்ற பழந்தமிழ் இசை முறை. சுந்தரரின் கொடுமுடிப் பதிகம் பழம்பஞ்சுரப் பண். இன்று சங்கராபரண ராகத்தில் பாடுகிறார்கள். அவிநாசிப் பதிகம் குறிஞ்சிப் பண், அரிகாம்போதியில் வரும். இரண்டு தலமும் உங்களுக்குப் பஸ் தூரம். படித்ததைச் சந்நிதியிலேயே பாடிப் பழகலாம். இந்த வசதி எந்தக் கல்லூரி விடுதியில் கிடைக்கும்?

அறநிலையத்துறைக் கோயில்களில் சந்நிதியில் தேவாரம் பாடும் ஓதுவார் பணியிடங்கள் உண்டு. பெண்ணுக்கா என்பார்கள். கரூர்ப் பெண்ணான சுஹாஞ்சனா 2021இல் சென்னை அருகே மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் பாடிப் பெற்ற பெயரோடுதான் சட்ட மேலவைக்கே போனார். ஆனால் பணியிடங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆகவே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டமும் கூடவே படிக்கட்டும். ஆசிரியராக விரும்பினால், பின்னர் கோவை அரசு இசைக்கல்லூரி இருக்கிறது.

மச்சாண்டார் ஊர்ப் பெரியவர் என்கிறீர்கள். அப்படியானால் அவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: சிவராத்திரிக்கு ஒரு மாலை முழுவதும் பெண்களே பண்ணிசை பாட ஏற்பாடு செய்யட்டும். ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பணம் எடுத்து வைக்கும் கமிட்டி, உள்ளூர்ப் பெண்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறது. இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சன்மானத்தையும் போக்குவரத்துச் செலவையும் முன்பே பேசி, நோட்டீஸில் பெயர் அச்சாகும் முன் பாதியையாவது மகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.